நான்கு அங்குலத் தண்ணீருக்கு ஒரு டெண்டர்

மேற்கத்திய உள்ளான் முப்பது கிராம் தேறுவதே அரிது. குளிர்காலத்தை மெக்சிகோவிலிருந்து பெரு வரையுள்ள கடலோரங்களில் கழித்துவிட்டு, முட்டையிட அலாஸ்கா வரை பறக்கிறது. அத்தனை தூரத்துக்கும் வேண்டிய கொழுப்பை அந்தச் சிறு உடம்பு ஒரே தவணையில் சேர்த்துக்கொள்ள முடியாது. வழியில் இறங்கிச் சேற்றைக் குத்திப் புழு பூச்சிகளைத் தின்று, சில நாளில் மறுபடி கிளம்பும். காலும் அலகும் குட்டை என்பதால் தண்ணீர் சில அங்குலத்துக்கு மேல் போனால் மேய முடியாது.

இப்படி இறங்கும் பறவைகளுக்குக் கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு பெரிய தங்குமிடமாக இருந்தது. ஆறுகள் ஆண்டுதோறும் கரைபுரண்டு சதுப்பாக்கிய சமவெளி அது. அணை கட்டி, வடிகால் வெட்டி, விளைநிலமாக்கியதில் சதுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது. வடக்கே சாக்ரமெண்டோ ஆற்றையொட்டி, வழக்கமான ஆண்டுகளில் ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கரில் நெல் விளைகிறது. நாற்று நடும் வேலை கிடையாது. தண்ணீர் கட்டிய வயலில் ஊறவைத்த விதையை விமானத்திலிருந்து தூவுகிறார்கள்.

அறுவடை முடிந்ததும் தாளைக் கொளுத்துவது அங்கும் வழக்கமாக இருந்தது. புகைத் தொல்லையால் 1991இல் மாநில அரசு சட்டம் போட்டு, எரிப்பைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. அதற்குப் பிறகு பல விவசாயிகள் குளிர்காலத்தில் வயலில் தண்ணீரை நிறுத்தித் தாளை அழுகவிட்டார்கள். பறவை அவர்கள் கணக்கிலேயே இல்லை. ஆனால் வாத்துக் கூட்டங்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கின.

உள்ளான்களுக்குத்தான் கணக்கு இடித்தது. பிப்ரவரி வாக்கில் விவசாயி மடையைத் திறந்து வயலை வடிப்பார். நிலம் காய்ந்தால்தான் டிராக்டர் இறங்கும். உள்ளான்கள் வடக்கே திரும்புவதோ அதற்குப் பிந்திய வாரங்களில். இலையுதிர் காலத்தில் தெற்கே போகும்போதும் இதே கதை. அறுவடைக்காக வயல் வறண்டு கிடக்கும்.

நிலத்தை வாங்கிச் சரணாலயமாக்குவது பழைய வழி. பறவை தங்குவது சில வாரம். வாங்குகிறவர் கொடுப்பதோ காலமெல்லாம் ஆளும் உரிமைக்கான விலை. தி நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு 2014இல் அந்தச் சில வாரங்களை மட்டும் வாடகைக்கு எடுத்துப் பார்த்தது. திட்டத்தின் பெயர் பேர்ட் ரிட்டர்ன்ஸ்.

எந்த வாரம், எந்த இடம் என்பது முதல் கேள்வி. பதில் இ-பேர்ட் தளத்திலிருந்து வந்தது. கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இதில் பொழுதுபோக்காகப் பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதை இட்டுவைக்கிறார்கள். நம்மூர் ஆர்வலர்களும் அதில்தான் இடுகிறார்கள். அந்தப் பதிவுகளைக் கணினி மாதிரியில் கொடுத்து, பள்ளத்தாக்கின் எந்த மூலைக்கு எந்த வாரம் பறவை வரும் என்று வரைபடம் எடுத்தார்கள். அதன்மேல், எங்கே தண்ணீர் இருக்கிறது என்ற செயற்கைக்கோள் படத்தைப் பொருத்தினார்கள். பறவை வரப்போகிறது, தண்ணீர் இருக்காது என்ற இடங்கள் புலப்பட்டன.

அடுத்த கேள்வி விலை. என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது இதுதான். களிமண் நிலத்துக்காரருக்குத் தண்ணீர் தானே நிற்கும். மடையைச் சில வாரம் தள்ளித் திறப்பதுதான் அவருக்குச் செலவு. பக்கத்துக்காரர் மோட்டார் போட்டு இறைக்க வேண்டும், விதைப்பும் தள்ளிப்போகும். யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் மனதில் மட்டும் இருக்கிறது; எந்த அதிகாரியாலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் ஒரே தொகை என்று அறிவித்தால், குறைவாக இருந்தால் ஆள் வராது, அதிகமாக இருந்தால் பணம் வீண். ஆகவே நம் ஒப்பந்தக்காரர்கள் டெண்டர் போடுவதுபோல, விவசாயிகளையே விலை எழுதித் தரச் சொன்னார்கள்: இத்தனை ஏக்கரில், இத்தனை வாரம், இரண்டிலிருந்து நான்கு அங்குலம் தண்ணீர் நிறுத்த எனக்கு இவ்வளவு வேண்டும். அதிகம் கேட்டால் வாய்ப்பு போகும் என்பதால் உண்மைச் செலவை ஒட்டியே எழுதத் தோன்றும். குறைந்த விலை மட்டும் பார்க்கவில்லை; அந்த வயல் பறவைக்கு எவ்வளவு உதவும் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2001 வாக்கில், தனியார் நிலத்துக் காட்டுச் செடிகொடிகளைக் காக்க இதே முறையை ‘புஷ்டெண்டர்’ என்ற பெயரில் சோதித்திருந்தது.

முதல் ஏலத்தில் கிட்டத்தட்ட 10,000 ஏக்கர் சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் வறட்சி நெருக்கடி அறிவிக்கப்பட்டிருந்த ஆண்டு அது. மார்க் ரெனால்ட்ஸும் கூட்டாளிகளும் 2017இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். திட்டத்தில் சேராத வயல்களோடு ஒப்பிட, சேர்ந்த வயல்களில் கரைப்பறவை இனங்கள் மூன்று மடங்குக்கு மேல். பறவைகளின் அடர்த்தி ஐந்து மடங்கு.

இதைச் சந்தையின் வெற்றி என்று மட்டும் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. விற்றவர்கள் பலர் இருந்தாலும் தொடக்கத்தில் வாங்கியவர் கிட்டத்தட்ட ஒருவர்தான். அவர் கொடுத்த பணமோ பெரிதும் நன்கொடை. பணம் நின்றால் மடையும் பழையபடி சீக்கிரமே திறக்கும். தண்ணீரில் அழுகும் தாள் மீத்தேனை வெளிவிடுகிறது. புகை குறைந்த இடத்தில் வேறொரு வாயுக் கணக்கு ஏறுகிறது. தவிர, ஏலம் இருக்கிற தண்ணீரைத்தான் பங்கிட முடியும். 2022 வறட்சியில் கலிஃபோர்னியாவின் நெல் பரப்பு ஏறக்குறையப் பாதியானது. நெல்லே போடாத வயலில் அழுகவிடத் தாளும் இல்லை, விற்கத் தண்ணீரும் இல்லை. அத்தகைய ஆண்டுகளில் பறவைகள் பெரிதும் ஒதுங்குவது பழைய பாணிச் சரணாலயங்களில். அவற்றுக்குத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1992இல் சட்டம் இயற்றியிருக்கிறது.