தெரிந்த முகம், வேறு பொருள்

உலகில் ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழி ஸ்பானியம். ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா, கொலம்பியா, பெரு, சிலி என இருபது நாடுகளில் அது ஆட்சிமொழியாக உள்ளது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் அதுவும் ஒன்று. மேற்படிப்புக்காகவும் ஏற்றுமதி வணிகத்துக்காகவும் சுற்றுலாவுக்காகவும் அந்நாடுகளுக்குச் செல்லும் இந்தியர் பலர், ஆங்கிலத்தின் துணையை நம்பியே செல்கின்றனர். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

ஸ்பானியம் இலத்தீனிலிருந்து பிறந்த மொழி. ஆங்கிலமோ வேறு குடும்பத்தில் பிறந்து, நேராகவும் பிரெஞ்சு வழியாகவும் இலத்தீன் சொற்களை ஏராளமாகக் கடன் பெற்ற மொழி. ஆகவே இரண்டுக்கும் பொதுவான சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஹாஸ்பிடல், டாக்டர், அனிமல் போன்றவை இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே எழுத்துகளில், ஒரே பொருளில் வழங்குகின்றன. பேங்க் என்பது அங்கே 'பான்கோ'. ஆங்கிலம் அறிந்தவர் ஸ்பானியச் செய்தித்தாளைப் பிரித்தால், முதல் நாளிலேயே பாதி புரிந்துவிட்டது போன்ற மகிழ்ச்சி எழுகிறது. அந்த மகிழ்ச்சியில்தான் ஆபத்தும் இருக்கிறது.

பொய்த் தோழர்கள்

தோற்றத்தில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் உள்ள சொற்களை மொழியியலார் 'பொய்த் தோழர்கள்' என்பர். ஸ்பானிய மொழியிலும் அவற்றுக்கு அதே பெயர்தான். 'ரோபா' என்பது ரோப் அன்று, உடை. 'சோபா' சோப் அன்று, சூப். 'கார்பெத்தா' கார்பெட் அன்று, கோப்புறை. 'லிப்ரெரீயா' லைப்ரரி அன்று, புத்தகக் கடை. 'எக்சிதோ' என்ற சொல்லைக் கண்டு வெளியேறும் வழி என்று எண்ணினால் தவறு. அதன் பொருள் வெற்றி. வெளியேறும் வழியைக் குறிப்பது 'சலீதா'. ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்று பொருள்படும் ஒன்ஸ் என்ற சொல்லின் அதே நான்கு எழுத்துகள், ஸ்பானியத்தில் 'ஒன்சே' என ஒலித்துப் பதினொன்று என்ற எண்ணைக் குறிக்கும்.

சங்கடமாக இருக்கிறது என்று சொல்ல விரும்பும் பெண், ஆங்கிலச் சொல்லைச் சற்றே வளைத்து 'எம்பாரசாதா' என்றால், தாம் கருவுற்றிருப்பதாக அறிவித்தவர் ஆகிறார். ஸ்பெயினில் ஒருவர் 'கொன்ஸ்திபாதோ' என்றால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று பொருள், மலச்சிக்கல் அன்று.

இவையெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடியவை. எல்லாப் பிழைகளும் அவ்வாறு முடிவதில்லை. 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், 18 வயது இளைஞர் ஒருவர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூப வம்சாவளியினரான அவருடைய குடும்பத்தார், அவர் 'இன்தோக்சிகாதோ' ஆகியிருக்கிறார் என்றனர். உண்டதோ குடித்ததோ உடலுக்கு ஒவ்வாமல் போய்விட்டது என்பதே அவர்கள் கருத்து. ஆங்கிலத்தில் அதை ஒத்த சொல்லோ போதையைக் குறிப்பது. மருத்துவர்கள் அவர் போதைப்பொருளை அளவுக்கு மீறி உட்கொண்டதாக எண்ணிச் சிகிச்சை அளித்தனர். உண்மையில் அவருக்கு ஏற்பட்டிருந்தது மூளையில் இரத்தக் கசிவு. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. அவருடைய கைகளும் கால்களும் செயலிழந்தன. வழக்கின் முடிவில், அவருடைய வாழ்நாள் முழுவதற்குமாகச் சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீடு என உடன்பாடு ஏற்பட்டது. மருத்துவ மொழிபெயர்ப்பாளரின் இன்றியமையாமையைப் பேசுவோர் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது.

படிவத்திலும் ஒப்பந்தத்திலும்

வங்கி வாடிக்கையாளர் என்ற முறையில் நாம் அடிக்கடி காணக்கூடிய சில சொற்களை இனிப் பார்ப்போம். படிவத்தின் அடியில் 'ஃபிர்மா' என்று அச்சிட்டிருந்தால், அங்கே நிறுவனத்தின் பெயரை எழுதுதல் கூடாது. கையொப்பம் இட வேண்டும். 'எஃபெக்தீவோ' என்பது இங்கே பயனுள்ளது என்ற பொருளில் வராது, ரொக்கத்தைக் குறிக்கும். 'அக்துவால்' என்பது 'உண்மையான' என்று பொருள்படாது; 'தற்போதைய' என்றே பொருள்படும். எனவே 'சால்தோ அக்துவால்' என்றால் கணக்கில் இப்போதுள்ள இருப்பு. 'போல்சா' என்பது பை. பங்குச் சந்தையின் பெயரும் அதுவே. 'பிரீமா' என்பது காப்பீட்டுக்குச் செலுத்தும் தவணைத் தொகை. அத்தை மகளையும் மாமன் மகளையும் குறிக்கும் உறவுச் சொல்லும் அதுவே. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

ஒப்பந்தங்களில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. 'கொம்ப்ரொமீசோ' என்ற சொல்லைக் கண்டதும், எதிர்த்தரப்பார் விட்டுக்கொடுத்து இணங்கி வருகின்றனர் என்று ஆங்கிலம் அறிந்தவர் எண்ணக்கூடும். அச்சொல் குறிப்பதோ கட்டுப்படுத்தும் உறுதிமொழியை. வேலை நியமனத்தில் 'எவெந்துவால்' என்றிருந்தால் அந்த வேலை தற்காலிகமானது. 'தெமந்தார்' என்ற வினைச்சொல் ஒரு கடிதத்தில் வந்தால், அவர்கள் எதையோ கேட்கிறார்கள் என்று எண்ணிப் பொறுத்திருக்க முடியாது. வழக்குத் தொடுப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று உணர வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய இடறல் எண்ணில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இன்று ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. எழுத்தில் அதை அப்படியே ஒத்திருக்கும் ஸ்பானியச் சொல் 'பியோன்'. ஆனால் அதன் மதிப்பு ஒரு லட்சம் கோடி. அதாவது ஆயிரம் மடங்கு அதிகம். பிரிட்டனிலும் முன்பு இப்பெரிய கணக்கே வழக்கில் இருந்தது. 1974இல்தான் அந்நாட்டு அரசு அமெரிக்க வழக்கத்தை ஏற்றது. ஸ்பானியர் 100 கோடியை 'மில் மியோனெஸ்', அதாவது ஆயிரம் மில்லியன், என்பர். அதற்கென 'மியார்தோ' என்ற தனிச்சொல்லையும் ஸ்பானிய அரச கழகம் ஏற்றுள்ளது. அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய மொழியினரிடையே ஆங்கிலக் கணக்கும் வழங்குவதால், எழுதியவர் எந்நாட்டவர் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. லட்சமும் கோடியும் பழகிய நமக்கு எளிய வழி ஒன்று உண்டு: எத்தனை சுழியங்கள் என்று கேட்டுவிடுவதே அது.

சுழியங்களுக்கு இடையிலுள்ள குறிகளும் ஏமாற்றும். ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவர். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி இடுவர். அங்கே 1.500 என்றால் ஒன்றரை அன்று, ஆயிரத்து ஐந்நூறு. மெக்சிகோவிலோ நம்மைப் போலவே புள்ளிதான் தசமம்.

ஒரு சொல், பல நாடுகள்

ஸ்பானியம் ஒரே மொழியாயினும் சொல்லின் பொருள் கடல் கடந்தால் மாறுகிறது. மெக்சிகோவில் 'தோர்த்தா' கேட்டால், ரொட்டியின் நடுவே இறைச்சியோ காய்கறியோ வைத்துத் தருவார்கள்; அர்ஜென்டினாவில் கேக் வரும். ஸ்பெயினில் பேருந்தைப் 'பிடிக்க' நாள்தோறும் வழங்கும் 'கொகேர்' என்ற வினைச்சொல், மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் நாகரிகமானவர் வாயில் வராத சொல். 'பிளாதா' என்றால் வெள்ளி. தென் அமெரிக்க நாடுகள் பலவற்றில் பணத்துக்கே அதுதான் பேச்சுப் பெயர். இதில் நமக்கு வியப்பில்லை. ரூபாய் என்ற பெயரே வெள்ளியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. சிங்கப்பூர்த் தமிழர் இன்றும் டாலரை வெள்ளி என்றே சொல்கின்றனர்.

ஆங்கிலம் கைவிடும் இடத்தில் தமிழ் கைகொடுப்பதும் உண்டு. எதிரில் இருப்பவர் யாராயினும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் விளிக்கலாம். ஸ்பானியத்தில் 'தூ' என்பது நீ. 'உஸ்தெத்' என்பது நீங்கள். 'உஸ்தெத்' என்ற சொல், 'தங்கள் பெருந்தகைமை' என்பதைப் போன்ற பழைய மரியாதைத் தொடர் ஒன்று சுருங்கி வந்தது. யாரிடம் எதைச் சொல்வது என்பது ஆங்கிலேயருக்குப் புதிய பாடம். நமக்கோ அது பிறந்தது முதல் பழகிய ஒன்று. வங்கி மேலாளரிடமும் வயதில் மூத்தவரிடமும் 'உஸ்தெத்' என்று தொடங்கினால் பிழை நேராது.

ஆயினும் தமிழையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்களுள் மேசை, அலமாரி, ஜன்னல், பேனா ஆகியவை அடங்கும். ஸ்பானியம் அம்மொழியின் உடன்பிறப்பாதலால் 'மேசா', 'அர்மாரியோ' என்பன நமக்கு உடனே விளங்கும். ஆனால் ஜன்னலை அவர்கள் 'வெந்தானா' என்பர். கையொப்பமிடுவதற்காகப் 'பேனா' வேண்டும் என்று கேட்டால், கேட்பவர் திகைப்பார். ஸ்பானியத்தில் 'பேனா' என்றால் துயரம். தண்டனை என்றும் பொருள் உண்டு. எழுதுகோலுக்கு அங்கே 'பொலீக்ரஃபோ' அல்லது 'புளூமா' என்று கேட்க வேண்டும்.

ஆகவே ஸ்பானியம் பேசும் நாட்டோடு தொடர்பு கொள்வோர் சில பழக்கங்களை மேற்கொள்வது நலம். அறியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவது எவரும் செய்வதே. அறிந்தது போல் தோன்றும் சொல்லுக்கும் புரட்ட வேண்டும். தொகையை எண்ணால் மட்டுமின்றி எழுத்தாலும் எழுதித் தரக் கேட்க வேண்டும். மருத்துவமனையில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், என்ன நடந்தது என்பதை முழு வாக்கியங்களில் விளக்க வேண்டும். ஒப்பந்தமாயின், இரு மொழியும் கற்றவர் ஒருவர் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பம் இட வேண்டும். முறையாகக் கற்க விரும்புவோருக்கு, ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு நிறுவனமான செர்வாண்டெஸ் நிலையம் புதுடெல்லியில் வகுப்புகள் நடத்துகிறது.

பழகிய முகம் என்பதற்காக மட்டும் எவருக்கும் நாம் கடன் உறுதி அளிப்பதில்லை, ஆவணத்தையும் பார்க்கிறோம். அயல்மொழிச் சொல்லுக்கும் அந்த விதி பொருந்தும்.