கடிவாளத்தைத் தொடாதே! – அமெரிக்கத் தளபதியிடம் குதிரைகளுக்காக மன்றாடிய சவாரி வாத்தியார்

ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னா. அங்கே ஒரு குதிரைச் சவாரிப் பள்ளி. 400 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. பெயர் "ஸ்பானிஷ் சவாரிப் பள்ளி". ஆதியில் அங்கே வந்த குதிரைகள் ஸ்பெயின் நாட்டுக் குதிரைகள். அதனால் இந்தப் பெயர்.

புதிதாகச் சேரும் பையனைக் குதிரை மேல் ஏற்றி உட்கார வைப்பார்கள். ஏறியதும் அவன் கை எதைத் தேடும்? கடிவாளத்தைத்தான். அது கிடைக்காது! கால் வைக்க அங்கவடியும் கிடையாது. சேணத்தின் மேல் வெறுமனே உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

மெரினா கடற்கரையில் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருவார் அல்லவா? இங்கேயும் கயிறு உண்டு. ஆனால் நீளக் கயிறு. வாத்தியார் நடுவில் நிற்பார். குதிரை அவரைச் சுற்றிச் சுற்றி ஓடும். பையன் விழாமல் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. மாதக்கணக்கில்!

ஏன் இந்தப் பாடு?

தடுமாறுகிறவன் கையில் கடிவாளம் இருந்தால், விழாமல் இருக்க அதைப் பிடித்துத் தொங்குவான். குதிரையின் வாயில் இருக்கும் இரும்பு வெடுக்கென்று இழுபடும். குதிரைக்கு வலி. முரண்டு பிடிக்கும். "சண்டிக் குதிரை" என்று அதற்குக் கெட்ட பெயர். தப்பு யாருடையது? முதலில் தான் ஆடாமல் உட்காரத் தெரிந்தவனுக்குத்தான் பிறகு அதிகாரம். பதவி உயர்வு கிடைத்த மறுநாளே மேஜையைத் தட்டுகிற ஆபீசர்களை இப்படி ஆறு மாதம் உட்கார வைத்தால் தேவலை!

கிழக் குதிரை வாத்தியார்

இன்னொரு வேடிக்கை. புதுப் பையனுக்குப் புதுக் குதிரை தரமாட்டார்கள். எல்லாம் கற்றுத் தேர்ந்த வயதான குதிரையைத்தான் தருவார்கள். அது அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்! அவன் தேறி, அனுபவம் வந்த பிறகுதான் இளங்குதிரையைப் பழக்க விடுவார்கள். முழுச் சவாரிக்காரன் ஆக ஏறக்குறைய பத்து ஆண்டு பிடிக்கும்.

சவாரிக்காரர்கள் போடும் நீளக் கோட்டின் பின்பக்கத்தில் மறைவாக ஒரு பை இருக்கும். உள்ளே சர்க்கரைக் கட்டி. குதிரை சொன்னதைச் செய்தால் உடனே ஒரு கட்டி. சாயங்காலம் தருகிறேன் என்ற பேச்சே இல்லை. எதற்குக் கிடைத்தது என்று குதிரைக்குப் புரிய வேண்டுமே!

2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டுச் செனபோன் குதிரைப் பழக்கம் பற்றி நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையிடம் போகாதே, கட்டாயப்படுத்திச் செய்ய வைப்பதில் அழகு இராது என்பது அவர் கட்சி. வியன்னா பள்ளியும் அதே வழிதான்.

குண்டு மழையில்...

இந்தப் பாடமெல்லாம் குதிரைக் கொட்டகைக்கு வெளியே உதவுமா? 1945-ல் அதற்குச் சோதனை வந்தது.

அப்போது பள்ளியின் தலைவர் அலாய்ஸ் போட்ஹாய்ஸ்கி. ராணுவத்தில் சவாரி கற்றுக் கொடுத்தவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் குதிரைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றவர். 1939-ல் பள்ளிப் பொறுப்புக்கு வந்தார். அதே ஆண்டு உலக யுத்தமும் வந்தது.

வியன்னா மீது விமானங்கள் குண்டு வீசின. குதிரைகளை வெளியூர் கொண்டுபோக வேண்டும். ஆனால் நாஜி அதிகாரிகள் லேசில் அனுமதி தரவில்லை. குதிரைகள் கிளம்பினால், "ஊர் கைவிட்டுப் போகப் போகிறது" என்று ஜனங்கள் நினைத்து விடுவார்களாம்! போட்ஹாய்ஸ்கி சத்தம் போடவில்லை. விடவும் இல்லை. கடைசியில் 1945 மார்ச்சில் குதிரைகளை ரயிலில் ஏற்றினார். வழியெல்லாம் விமானத் தாக்குதல். எப்படியோ மேல் ஆஸ்திரியாவில் செயின்ட் மார்ட்டின் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏப்ரலில் ரஷியப் படை வியன்னாவைப் பிடித்தது.

போன இடத்திலும் நிம்மதி இல்லை. தீவனம் கஷ்டம். பசியால் வாடிய அகதிகள் ஊரெங்கும். குதிரை என்றால் இறைச்சி என்று பார்க்கிற காலம் அது. அதற்குள் அமெரிக்கப் படையும் வந்துவிட்டது.

தொப்பியைக் கழற்றினார்

அமெரிக்கத் தளபதி பேட்டன் பெரிய கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அவரும் குதிரைப்படை ஆசாமி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் கலந்து கொண்டவர்.

1945 மே 7. பேட்டன் முன்னிலையில் குதிரைகள் ஆடிக் காட்டின. தோற்ற நாட்டின் சவாரி வாத்தியார். ஜெயித்த நாட்டின் தளபதி. ஆட்டம் முடிந்ததும் போட்ஹாய்ஸ்கி குதிரையோடு அவர் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார். எல்லோர் முன்னிலையிலும் பள்ளிக்குப் பாதுகாப்புக் கேட்டார். பேட்டன் அங்கேயே சம்மதித்தார்!

உலகமே யுத்தத்தில் கிடக்க, கொஞ்சம் பேர் குதிரைக்கு ஆட்டம் பழக்கிக் கொண்டிருந்தது விநோதமாகப் பட்டதாகப் பேட்டன் பிறகு எழுதினார். ஆனாலும் ஒரு கலையை அழிய விடுவது சரியல்ல என்றும் எழுதினார்.

வியன்னாவில் ஆடியவை எல்லாம் ஆண் குதிரைகள். லிப்பிசானர் என்று இனத்துக்குப் பெயர். தாய்க் குதிரைகளை ஜெர்மானியர் 1942-லேயே செக் நாட்டு ஹோஸ்டாவ் பண்ணைக்குக் கொண்டு போயிருந்தார்கள். அவை இல்லாவிட்டால் இனமே போச்சு! ஏப்ரல் 28-ந் தேதி அமெரிக்கப் படையினர் அந்தப் பண்ணையைக் கைப்பற்றினார்கள். மே மாதம் அவற்றை மேற்கே கொண்டு வந்தார்கள். 1963-ல் வால்ட் டிஸ்னி கம்பெனி இந்தக் கதையைச் சினிமாவாக எடுத்தது.

ஆனால் சொந்த இடத்துக்கு உடனே திரும்ப முடியவில்லை. பத்து ஆண்டு வெல்ஸ் என்ற ஊரில் தற்காலிக வாசம். கொட்டகை எதுவானால் என்ன, காலைப் பயிற்சி நிற்கவில்லை. 1955-ல்தான் வியன்னாவின் பழைய மண்டபத்தில் மறுபடி குளம்புச் சத்தம் கேட்டது. 1735-ல் கட்டி முடித்த மண்டபம் அது. உள்ளே ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் படம் உண்டு. சவாரிக்காரர்கள் நுழைந்ததும் அதற்குத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வது வழக்கம்.

போட்ஹாய்ஸ்கி 1964 வரை பதவியில் இருந்தார். 1973-ல் காலமானார். அவர் எழுதிய ஒரு புத்தகத்தின் தலைப்பு: "என் குதிரைகள், என் ஆசிரியர்கள்".

2008-ல்தான் பெண்களைப் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். இப்போதும் டிக்கெட் வாங்கினால் காலைப் பயிற்சியை உட்கார்ந்து பார்க்கலாம்.