கண்ணின் இடத்தில் காது

மும்பை மின்சார ரயிலில் ஆபீஸ் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நெரிசலை விலக்கிக்கொண்டு, பார்வையற்ற ஒருவர் பாடிக்கொண்டே வருவார். சுருதி பிசகாது. "ஆண்டவன் கண்ணை எடுத்துக்கொண்டு காதைக் கொடுத்துவிட்டான்" என்று சொல்லிச் சில்லறை போடுவார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி தவறு.

உண்மையான பாதிக்கு ரவீந்திர ஜெயினைச் சொல்லலாம். 1944-ல் அலிகாரில் பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்தவர். சிறு வயதிலேயே கோயில்களில் பஜனை பாடினார். முறையாகச் சங்கீதம் பயின்றார். அன்றைய பம்பாய் வந்து படங்களுக்கு இசையமைத்தார். 'சித்சோர்' (1976) படத்தில் ஜேசுதாசைப் பாட வைத்தார். அந்தப் பாட்டு ஜேசுதாசுக்குத் தேசிய விருதைத் தந்தது. 1987-ல் ஞாயிறு காலைகளில் தெருவையே வெறிச்சோட வைத்த டெலிவிஷன் 'ராமாயண'த்துக்கும் இசை இவர்தான். 2015-ல் மும்பையில் காலமானார்.

இத்தகையோரின் மூளையில் நடப்பது என்ன? பார்வைக்கான பகுதி தலையின் பின்புறம் இருக்கிறது. பிறவியிலேயே கண் தெரியாதவருக்கு அங்கே தகவல் வருவதில்லை. ஃபைல் வராத செக்ஷனை எந்த ஆபீசிலாவது சும்மா விட்டுவைப்பார்களா? அடுத்த செக்ஷன் வேலை அங்கே வந்து சேரும். மூளையிலும் அப்படியே. கேட்பது, விரலால் தடவி அறிவது ஆகிய வேலைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இது வெறும் ஊகமல்ல. பிறவியிலிருந்தே பார்வையில்லாத ஒரு பெண்மணி பிரெய்ல் எழுத்தைச் சரளமாகப் படித்துவந்தார். பக்கவாத நோயில் மூளையின் பின்பகுதி இருபுறமும் பழுதாயிற்று. அதன் பிறகு புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன, படிக்கத்தான் முடியவில்லை! 2000-ல் டாக்டர்கள் இதைப் பதிவு செய்தனர்.

2004-ல் அமெரிக்காவில், இளமையிலேயே பார்வை இழந்த 21 இசைக் கலைஞர்களை ஆராய்ந்தார்கள். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினாலும், ஒத்துப்பார்க்க வேறு சுருதி இல்லாமலே இன்ன ஸ்வரம் என்று சொல்லும் திறன் 12 பேருக்கு இருந்தது. பார்வையுள்ள கலைஞர்களில் இந்த விகிதம் மிகக் குறைவு. அதே ஆண்டு கனடாவில் நடந்த சோதனை இன்னொன்றைக் காட்டியது: ஸ்வரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்டுபிடிப்பதில், குழந்தைப் பருவத்தில் பார்வை இழந்தவர்களே தேர்ந்தவர்கள். வயதான பின் இழந்தவர்கள் மற்றவர்களைப் போலத்தான்.

தவறான பாதி இங்கே வருகிறது. அந்த 21 பேரும் ஏற்கெனவே சங்கீதம் கற்றவர்கள். கண் தெரியாத எல்லோருக்கும் இசை வந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. பார்வையற்ற பிள்ளைக்கு ஆர்மோனியம் வாங்கித் தந்தால் போதும், பள்ளிக்கூடம் எதற்கு என்று நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பாட்டு வராத பிள்ளையின் கதி என்ன? அந்தப் பிள்ளைக்குப் பிரெய்லும் படிப்பும்தான் சோறு போடும். அதையும் சிறு வயதில் தொடங்கினால் விரல் சீக்கிரம் பழகும்.

கே.சி. டே கதையையும் சொல்ல வேண்டும். வங்காளத்தின் பெரும் பாடகர். பார்வை போனது பதின்மூன்று, பதினான்கு வயதில், பிறவியில் அல்ல. விடாத சாதகத்தால் உயர்ந்தார். 1942-ல் பம்பாய் வந்தபோது தம்மிடம் பயின்ற அண்ணன் மகனையும் உடன் அழைத்து வந்தார். இரு கண்ணும் நன்றாகத் தெரிந்த அந்த இளைஞர்தான் மன்னா டே.