கினிப்பன்றிக்குப் பழமும் மரக்கறியும்: பாசத்துக்கும் அளவு வேண்டும்

வழமையாக வரிக் கணக்குப் பற்றிக் கதைக்கும் நான், இம்முறை கினிப்பன்றியின் சாப்பாட்டுக் கணக்கோடு வந்திருக்கிறேன்.

மகளின் ஆசைக்காக இரண்டு கினிப்பன்றிகள் வளர்க்கிறோம். நாங்கள் வேலைக்கும் அவள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் அவற்றைப் பார்ப்பது என் அம்மாதான். “பாவங்கள், வெறும் வைக்கோலைத் தின்னுதுகள்” என்று இரங்கி, நாள் முழுக்க அப்பிளும் திராட்சையும் கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்தில் ஒன்றுக்கு வயிற்றோட்டம். பிறகு அது சாப்பாட்டையே தொடவில்லை. மிருக வைத்தியரிடம் ஓடினோம். பிழைத்துக்கொண்டது. ஆனால் “நான்தான் கெடுத்துப்போட்டன்” என்று அம்மா அழுததை மறக்க முடியவில்லை. அவர் செய்தது பாசத்தில். தெரியாமல் போனது அளவு.

முதலில் அந்த ‘வைக்கோல்’. அது உலர்ந்த புல். அதுதான் அவற்றின் சோறு. கினிப்பன்றியின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேயும். குடலும் அந்த நார்ச்சத்தில்தான் ஒழுங்காக இயங்கும். ஆகவே புல் எந்நேரமும் இருக்க வேண்டும். நல்ல தண்ணீரும் அப்படியே.

மரக்கறி எதற்கு? மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் விற்றமின் சியைத் தானே தயாரிக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை. இது வங்கியில் போட்டு வைக்கக்கூடிய வரவு அல்ல, அன்றாடம் வரவேண்டும். குறைந்தால் மூட்டு வீங்கும், முரசில் இரத்தம் கசியும், உரோமம் கெடும்.

தினமும் ஒரு கினிப்பன்றிக்குச் சுமார் ஒரு கோப்பை இலைவகை போதும். சிவப்புக் குடைமிளகாயில் ஒரு துண்டு, றொமெய்ன் சலாது இலை, நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் கொத்தமல்லி இலை ஆகியவை நல்லவை. கீரைகளில் ஸ்பினாச், பார்ஸ்லி இரண்டையும் இடைக்கிடை மட்டும் கொடுங்கள். கூடினால் சலப்பையில் கல் உண்டாகலாம். கரட்டிலும் பழத்திலும் சீனி அதிகம். வாரத்தில் ஓரிரு தடவை, பெருவிரல் நுனியளவு துண்டு போதும். அப்பிளின் விதையை எடுத்துவிடுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: வெங்காயம், உள்ளி, லீக்ஸ், உருளைக்கிழங்கு, அவக்காடோ, ருபாப், தக்காளியின் இலையும் தண்டும். சமைத்த சோறு, கறி, பாண், பிஸ்கற் எதுவும் வேண்டாம். கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

புதிய மரக்கறியை ஒவ்வொன்றாக, சிறிதளவில் பழக்குங்கள். நன்றாகக் கழுவுங்கள். மீந்ததைச் சில மணி நேரத்தில் அகற்றுங்கள். அரை நாளாக ஒன்றும் சாப்பிடாவிட்டால், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே வைத்தியரை அழையுங்கள்.

இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மகள் தமிழில் எழுதி ஒட்டிய பட்டியல் ஒன்று இருக்கிறது. அம்மம்மா அதைப் பார்த்துத்தான் கொத்தமல்லி கிள்ளுகிறார். உங்கள் வீட்டிலும் பகலில் பிராணிகளைப் பார்ப்பவர் பெரியவர் என்றால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.