கறவை மாட்டு இன்ஷ்யூரன்ஸ்: ஏஜெண்டை விசாரித்துச் சேருங்கள்

அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும் அத்திப்பட்டு, மீஞ்சூர் வட்டாரத்தில் நெல்லும் கறவை மாடும் இன்னும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் திருவள்ளூர் மாவட்டத்தில் வெள்ளம் புகுந்தபோது, இறந்த பசுவுக்கு அரசு நிவாரணம் ரூ.37,500 என உயர்த்தப்பட்டது. நல்ல கறவைப் பசுவை அந்தத் தொகைக்கு வாங்குவது கடினம். வயிறு உப்பியோ நோய் கண்டோ சாகும் மாட்டுக்குப் புயல் நிவாரணமும் கிடையாது. இன்ஷ்யூரன்ஸ் செய்திருந்தால்தான் உண்டு.

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள், ஏஜெண்டின் அடையாள அட்டையைக் கேட்பதில்லை. உறவுக்காரப் பிள்ளை என்றாலும் கேட்க வேண்டும். எந்தக் கம்பெனி என்று அறிந்து, அதன் கிளை அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்வது நலம்.

பிரிமியம் கம்பெனிக்குச் சேர்ந்த பிறகே பாதுகாப்பு தொடங்கும். வசூலித்த பணத்தை, விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் ஏஜெண்ட் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும் என்பது 1938-ஆம் ஆண்டு இன்ஷ்யூரன்ஸ் சட்டம். ஆகவே பணத்தைக் கம்பெனி பெயரில் செலுத்தி, ரசீதை அன்றே வாங்கிவிட வேண்டும். தன் கமிஷனில் பங்கு தருவதாகச் சொல்லும் ஏஜெண்டை நம்ப வேண்டாம். சட்டம் அதைத் தடை செய்கிறது.

பெரும்பாலான வழக்கு காதுவில்லையில்தான் வரும். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு இல்லை. கால்நடை மருத்துவரை அழைத்து வந்து, மாட்டைப் பார்த்து மதிப்பிட்டு, வில்லை எண்ணைப் பாலிசியில் சரிபார்த்துத் தருபவரே நல்ல ஏஜெண்ட். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகிறவர் அல்ல. வில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்துப் புதியது போட வேண்டும். முதல் 15 நாளில் நோயால் இறந்தால் பொதுவாகப் பணம் வராது. இதை முன்கூட்டியே சொல்கிறாரா என்றும் கவனிக்கலாம்.

மாடு இறந்தால் புதைக்குமுன் கம்பெனிக்குத் தெரிவித்து, வில்லையோடு படம் எடுத்து, மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று பெற வேண்டும். அந்த நேரத்தில் ஏஜெண்ட் போனை எடுப்பாரா என்பதை, முன்பு இழப்பீடு வாங்கிய வீட்டாரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

நெற்பயிர்க் காப்பீட்டுக்கு ஏஜெண்ட் தேவையில்லை. அடங்கல், ஆதார், பாங்கு பாஸ்புக்குடன் கூட்டுறவுச் சங்கத்திலோ பொது சேவை மையத்திலோ கெடு முடியுமுன் பதியலாம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்.

கம்பெனி இழப்பீட்டை மறுத்தால், ஓராண்டுக்குள் சென்னை அண்ணா சாலையில் உள்ள இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு மனு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.