நிற்றலும் ஓர் உழைப்பே



“சும்மா நிற்பதற்கு என்ன களைப்பு?” என்று கேட்பது நம்மிடையே வழக்கம். உண்மையில் சும்மா நிற்றல் என்று ஒன்று இல்லை. நிற்றலும் உடலுக்கு ஓர் உழைப்பே. அவ்வுழைப்பு சிலருக்கு ஏன் பெருஞ்சுமையாகிறது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நின்றவுடன், ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரையிலான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்திற்கு மீளும் இரத்தம் குறைகிறது. கழுத்தின் தமனிகளிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் உள்ள உணர்நரம்புகள் இதனை உடனே மூளைக்கு அறிவிக்கின்றன. மூளையின் ஆணைப்படி இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இதயம் சற்று விரைந்து துடிக்கிறது. கெண்டைக்காற்சதை இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சில நொடிகளில் நடந்து முடியும் இந்த ஏற்பாட்டை நாம் உணர்வதே இல்லை.

சிலருக்கு இந்த ஏற்பாடு தளர்ந்துவிடுகிறது. குழாய்கள் போதிய அளவு சுருங்குவதில்லை. அல்லது உடலில் இரத்தத்தின் அளவே குறைந்திருக்கிறது. அப்பொழுது இதயம் என்ன செய்யும்? வையம்பட்டிப் பக்கத்துக் கிணறுகளில் முன்னாளில் கவலை இறைத்ததை உங்கள் பாட்டனாரிடம் கேளுங்கள். சால் நிறைந்து வந்தால் மாடுகள் நிதானமாக நடக்கும். சால் பாதி நிறைந்தே வந்தால், அதே வயலுக்கு நீர் பாய்ச்ச அவை இரு மடங்கு நடை நடக்கவேண்டும், மாடுகள் களைத்துப்போகும். ஒவ்வொரு துடிப்பிலும் குறைந்த இரத்தமே கிடைக்கும் இதயமும் அவ்வாறே ஓடி ஓடி ஈடு செய்கிறது.

இந்நிலைக்கு மருத்துவர் இட்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ‘பாட்ஸ்’ என்பது. 1993இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் இப்பெயரால் இதனை வரையறுத்தனர். ஆயினும் இதையொத்த துன்பத்தை அமெரிக்க உள்நாட்டுப் போர்வீரர்களிடம் கண்டு, டகோஸ்டா என்னும் மருத்துவர் 1871லேயே எழுதியிருந்தார். எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 30க்குக் குறையாமல் உயர்தல், 12 முதல் 19 வயதினர்க்கு 40க்குக் குறையாமல் உயர்தல், இரத்த அழுத்தம் பெரிதும் வீழாதிருத்தல், தொல்லைகள் மூன்று மாதங்களேனும் நீடித்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இளம்பெண்களிடம் இது மிகுதி. வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னும் தோன்றுவதுண்டு. கோவிட் நோய்க்குப் பின்னர்ப் பலரிடம் காணப்பட்டது.

தலைசுற்றல், படபடப்பு, நினைவு மங்கல், அடித்துப்போட்டாற்போன்ற அசதி ஆகியவை இவர்களை வாட்டும். படுத்தால் துன்பம் தணியும். இங்கேதான் ஒரு கொடுமை நிகழ்கிறது. படுத்தால் தேறுகிறவரைச் “சோம்பேறி” என்கிறோம். வேலை வந்தால் நோய் வருகிறது என்று நகைக்கிறோம். பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில், காலை வழிபாட்டின்போது மயங்கிச் சாய்ந்த பிள்ளைகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் எல்லாருக்கும் இந்நோய் என்று கூறேன். வெயிலும் வெறும் வயிறும் இரத்தசோகையும் மயக்கம் தரும். தைராய்டுக் கோளாறு படபடப்பைத் தரும். ஆதலின் அடிக்கடி இவ்வாறு நேர்ந்தால் மணப்பாறையிலோ திருச்சியிலோ அரசு மருத்துவமனைக்குச் செல்க. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் நாடியையும் அழுத்தத்தையும் அளந்தாலே பாதி உண்மை விளங்கிவிடும்.

நோய் உறுதியானால் செய்யத்தக்கன பல உள. நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் நீர் பருகலாம். மருத்துவர் சொன்னால் மட்டுமே உப்பை மிகுத்துக்கொள்ள வேண்டும். இரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் உள்ளவர்க்கு அது தீங்கு. படுக்கையிலிருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து எழுக. நிற்க நேர்ந்தால் கால்களைப் பின்னி இறுக்குக. குதிகாலை உயர்த்தித் தாழ்த்துக. ஒரே வேளையில் வயிறு முட்ட உண்ணாது, சிறிது சிறிதாக உண்க. படுத்தும் அமர்ந்தும் செய்யும் பயிற்சிகளில் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வலிமை பெருக்குக. அமர்ந்து செய்யக்கூடிய வேலையை அமர்ந்தே செய்க. நம் பாட்டிமார் அரிவாள்மனை முன் அமர்ந்துதானே காய் நறுக்கினர்!

நிற்றலின் துன்பத்தை நம் சட்டமும் உணர்ந்துள்ளது. நின்று வேலை செய்வோர்க்கு இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. துணிக்கடை முதலிய கடைகளில் நாள் முழுதும் நிற்போர்க்கு அவ்வுரிமையைக் கேரளம் 2018இல் அளித்தது. தமிழ்நாடு 2021இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி அதனை வழங்கியது. நலமுள்ளவர்க்கே இருக்கை தேவை என்றால், நோயுற்றவர்க்கு அது எத்துணை இன்றியமையாதது!

வழிபாட்டுக் கூட்டத்திலோ, வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்து நெடுவரிசையிலோ ஒருவர் தள்ளாடினால், அவரைத் தாங்கிப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். உங்கள் வகுப்புத் தோழி உட்கார இடம் கேட்டால் காரணம் கேளாது இடம் கொடுங்கள். அதற்குச் சட்டம் வேண்டுவதில்லை. உடலைப் பற்றிய சிறிது அறிவும், பிறர் சொல்லை நம்பும் நல்லுள்ளமும் போதும்.