மூளையைத் தின்கிறதாம் அமீபா!

சபரிமலை பக்தர்கள் ஆற்றில் குளிக்கும்போது மூக்குக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி கேரள சுகாதாரத் துறை 2025 நவம்பரில் அறிவுறுத்தியது. உடனே தொலைக்காட்சிகளில் ‘மூளை தின்னும் அமீபா’ பல்லைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டது. அமீபாவுக்கு ஏது பல்? வாசகர் ஒருவரோ, தவறி ஒரு வாய் குடித்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறார்.

நெக்லேரியா ஃபௌலேரி என்ற இந்த அமீபாவால் ஒன்றும் ஆகாது. வெதுவெதுப்பான நன்னீரில் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும் உயிர் அது. வாய் வழியே போனால் தொல்லையில்லை. மூக்குதான் அதன் வாசல்.

மூக்கின் கூரைக்கும் மூளைக்கும் நடுவே சல்லடை எலும்பு ஒன்று உண்டு. இடியாப்ப உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மாவு மூளை. ஓட்டைத் தட்டு அந்த எலும்பு. கீழே தொங்கும் இழைகள் வாசனை நரம்புகள். மூக்குக்குள் பாய்ந்த தண்ணீரோடு வந்த அமீபா, இழையைப் பற்றி மேலேறி, ஓட்டையில் நுழைந்து, மாவுக்கே போய்விடுகிறது. நரம்பணுக்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின்தான் அதை இழுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தேங்காய்ப்பாலை எங்கே ஊற்றுவது என்று கேட்காதீர்கள். நாளைக் காலை உங்கள் வீட்டில் இடியாப்பமாக இருக்கலாம்.

மேலே போன அமீபா மூளைத் திசுவைக் கொறிக்கிறது, உண்மைதான். ஆனால் அதை விரட்டத் திரளும் நம் வெள்ளணுக்கள் உண்டாக்கும் வீக்கமும் சேதத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. தொலைக்காட்சிக்கு அது சுவைக்காது.

வரலாறு வேண்டுமென்றால்: 1965இல் ஆஸ்திரேலியாவில் ஃபௌலரும் கார்ட்டரும் இந்நோயை முதலில் விவரித்தார்கள். போதும்.

சிக்கல் நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு எல்லாம் பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் வருவதைப் போலவேதான். முதுகுத்தண்டில் எடுத்த நீரிலும் வெள்ளணுக்கள் கூடியிருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும். பாக்டீரியா மட்டும் அகப்படாது. அந்த நீரை ஆறுவதற்குள் ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அமீபா ஊர்ந்து போவது தெரியலாம். குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் அசைவு ஒடுங்கி, வெள்ளணுக்களோடு வெள்ளணுவாகத் தெரியும்.

அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை பதிவான 164 பேரில் பிழைத்தவர்கள் 4 பேர். நோய் அரிது, வந்தால் கொடிது. 2024இல் கோழிக்கோட்டில் 14 வயதுச் சிறுவன் பிழைத்தான், சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். கொடுத்த மருந்துகளில் ஒன்று, காலா அசார் என்ற நோய்க்குத் தரும் மில்டெஃபோசின்.

குளம், ஆறு என்று குளித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கடுந்தலைவலியும் வந்தால், எங்கே குளித்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.